ஆறாவது இடம்

பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
ஆண். வயது எழுபத்து நான்கு.
பிப்ரவரி ஒன்பது, காலை ஏழேகால்,
டுலூத்தின் செங்குத்தான தெரு ஒன்றில்
குப்பைத்தொட்டியை ஓரத்துக்கு இழுத்துப்போனவர்
பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தார்
என்கிறது முதல் பக்கம்.

முதல் பக்கத்தை நம்பாமலிருக்கப் பழக
எனக்கு இரண்டு வருடம் ஆனது.

ஸ்கேனில், மூளைக்கும் அதன் தடித்த உறைக்கும் நடுவே
ஒரு பிறை.
எலும்பை ஒட்டிய கசிவென்றால் வில்லையாய்த் திரண்டிருக்கும்.
சிலந்திப் படலத்துக்குக் கீழே என்றால்
மடிப்புகளுக்குள் வேர் விட்டிருக்கும்.
இது பிறைதான்.
எஸ், பூஜ்யம், ஆறு, புள்ளி, ஐந்து.
அடுத்த இடத்துக்கு எதுவும் இல்லாததால்
ஓர் எக்ஸ்,
பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு
வராத ஒருவருக்கு சீட் பிடிப்பதுபோல.

ஆறாவது இடம் கேட்கிறது:
எவ்வளவு நேரம் அவர் அங்கே இல்லை?

நினைவு தப்பவே இல்லையென்றால் பூஜ்யம்.
அரை மணிக்குள் என்றால் ஒன்று, ஒரு மணிக்குள் இரண்டு.
தப்பியது, எவ்வளவு நேரமோ என்றால் ஒன்பது.
தப்பியதா என்றே தெரியாதென்றால்
அதற்கும் ஓர் எழுத்து இருக்கிறது, ஏ.
தெரியாமைக்கு இத்தனை வகைகளை
வேறெந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

ஆம்புலன்ஸ்காரர்: நன்றாகப் பேசினார்.
அவசரப் பிரிவு: சற்று மயங்கியிருக்கலாம்.
அவரே சொன்னதாக ஒரு வரி:
"வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு பார்த்தால் குப்பை லாரி வந்துவிட்டிருந்தது."

லாரி எத்தனை மணிக்கு வரும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்பது என் வேலை அல்ல.
கோப்பில் இல்லாதது எனக்கு நடக்காதது.

நாற்பத்தொன்றாம் பக்கம். இரவு நர்ஸ் டார்லா வீஸ்னர்,
எழுத்துப் பிழைகளோடு:
கிறிஸ்துமஸ் முதலே தலைவலி என்கிறார் மனைவி.
கையிலிருந்து ஸ்பூன் நழுவுகிறதாம்.
சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போடுகிறாராம்.
அறுவைக் குறிப்பில், உறையைத் திறந்ததும்
எஞ்சின் ஆயில் நிறத்தில் திரவம்,
மேலே புதுச் சிவப்பில் கட்டிகள்.

விழுந்ததால் கசிந்ததா,
கசிந்ததால் விழுந்தாரா?

முன்னதென்றால் எஸ், காயம்.
பின்னதென்றால் ஐ, நோய்.
இரண்டையும் ஒரே பந்தியில் உட்கார வைக்காதே என்று
பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.
எந்த அலுவலகத்திலிருந்து அந்தப் பெண்மணிக்குக் கடிதம் வரும்,
எவ்வளவு கேட்டு வரும்
என்பதெல்லாம் இந்த ஓர் எழுத்தில் தொங்குகிறது.

கிரெட்சன் செய்தி அனுப்புகிறாள்:
ஒரே கோப்பில் ஒன்றரை மணி நேரமா?
எஸ் போட்டு முடி. சறுக்கினார் இல்லையா?

சறுக்கினார்தான்.

அன்புள்ள டாக்டர் ஹால்வர்சன்,
பதிலைக் கேள்விக்குள் ஒளித்து வைக்கக் கூடாது,
அது விதி.
'பழைய கசிவு' என்று எழுதி, அழித்தேன்.
'வீழ்ச்சிக்கு முன்பே' என்று எழுதி, அதையும்.
கடைசியில் நர்ஸின் வரியை அப்படியே வைத்து,
கசிவின் காலமும் காரணமும்
உங்கள் கணிப்பில் என்ன என்று மட்டும் கேட்டேன்.
கீழே நான்கு கட்டங்கள்.
நான்காவது: தீர்மானிக்க இயலவில்லை.

கோப்பு நிறுத்தி வைக்கப்பட்டது.
கிரெட்சனுக்குப் பதில் போடவில்லை.

விடிந்திருந்தது. எங்கள் தெருவிலும் இன்று குப்பை நாள்.
கைப்பிடியை விடாமல் படியிறங்கி
தொட்டியை இழுத்துப்போய் வைத்துவிட்டு
குளிரில் நின்றேன், எதற்கென்று யோசிக்காமல்.

லாரி வந்தபோது
ஏழு ஐம்பத்திரண்டு.

அவர் தெருவுக்கு வருவதும் இதே லாரியா,
நான் எழுதக்கூடிய இடம் எதிலும்
அந்தக் கேள்வி இல்லை.
முப்பத்தேழு நிமிடம்.
ஓட்டுநர் கையசைத்தார்,
நானும் அசைத்தேன்.