நாலு மணி நேரத்துக்கு ஏற்றவை

பாளையங்கோட்டை, ஹைகிரவுண்டுப் பக்கம், மூன்றாம் மாடி.
செவ்வாய், வியாழன், சனி.
ஐந்து கட்டில், ஐந்து இயந்திரம்.
இடது கை ஊசிக்கு, வலது கை செல்போனுக்கு.

முதல் வாரமே தளவாய் கேட்டார்:
‘ராசா கதை எதும் பாப்பீரா வே?’
பேர்தான் தளவாய். ஓட்டினது சிமெண்ட் லாரி,
தாழையூத்திலிருந்து கொல்லம்வரை.
‘அந்த மலைக்கோட்டைத் தொடரப் பாரும்.
முதல் ஆறு எபிசோடு இழுவை.
ஏழாவதுல ஒரு யானை கதவ முட்டும் பாரும்,
நர்ஸ் பிரஷர் எடுக்க வந்தா
அப்புறமா வரச் சொல்லிரும்.’

மேலப்பாளையம் மைதீன் பாத்துவுக்குப்
பாலைவனக் கூடாரங்கள், டப்பிங் தமிழ்.
சுல்தானின் தாய் வாயை மூடின பிறகும்
வசனம் இரண்டு நொடி நடந்துபோகும்.
‘அந்தக் காலத்துல யாரு இஸ்திரி போட்டா,
இம்புட்டு மடிப்பு?’ என்று சிரிப்பாள்.
சிரித்துக்கொண்டே நூற்றைம்பது முடித்தவள்.
‘அழுவுற எபிசோடு எதுன்னு முன்னாடியே சொல்லிருதேன்.
அன்னைக்கு ஒரு டம்ளர் தண்ணி கூடக் குடிச்சிக்கிடலாம்,
கணக்குல கழிஞ்சிரும்.’

என் முறை வந்தது.
எனக்குத் தெரிந்தது ஒரு கப்பக் கதை:
கணக்கன் ஓலையில் ஒரு சுழியை விட்டுவிட,
மூன்று பாளையத்துக்கும் பகை.
வாள் எட்டாவது எபிசோடில்தான் உறையை விட்டு வரும்.
வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் பில் போடுகிறவன் நான்,
எனக்குப் பிடித்திருந்தது.
தளவாய் இரண்டு பார்த்தார்.
‘என்னவே இது, கூட்டுறவு சொசைட்டி மாதிரி இருக்கு.’

போன மாசம் ஐந்தாம் கட்டிலுக்கு ஒரு பையன்,
டோனாவூர் ஜெபசிங். தாடி சரியாக முளைக்கவில்லை.
‘முடிஞ்ச தொடரா மட்டும் சொல்லுங்க,
பாதியில நிக்கது வேண்டாம்’ என்றான்,
மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

எட்டே எபிசோடில் முடிகிற ஒன்று என் நாக்கு வரை வந்தது.
மைதீன் பாத்து முந்திக்கொண்டாள்:
‘நாலு சீசன் வந்திருக்கு வாப்பா.
அஞ்சாவது வார வருசம், நோம்புக்கு முன்னாடி.
ஆறாவதுக்கு இப்பத்தான் குதிரை வாங்குதாங்களாம்.
பாரு.’
ஆறாவது பற்றி அவளிடம் யார் சொன்னதோ.
தளவாய் தன் இயர்போனை
நர்ஸிடம் கொடுத்தனுப்பினார்.

இன்றைக்கு யாருடைய குழாயோ மடங்கி
இயந்திரம் கூவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்:
‘எத்தனாவது ஓடுது டே?’
ஒரு விரலைத் தூக்கினான்,
ஒன்றாவது என்று அல்ல,
சும்மா இருங்க என்று.