சமநிலை விலை

வியாழக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம்.
முதலாவதில் திறந்த சந்தை,
இரண்டாவதில் வணிக அறம்,
நடுவே பத்து நிமிடம் பிளேன்டீ.
இரண்டுக்கும் அதே அறை, அதே நான்,
துடைத்தாலும் போகாத அதே கரும்பலகை.

உட்துறைமுக வீதியில் எங்கள் கல்லூரி.
தாராளக் கலைகள் என்று பெயர்ப்பலகை சொல்லும்.
தாராளம் பலகையோடு சரி;
சோக்குக்கட்டிக்கும் கையெழுத்து வைக்க வேண்டும்.

அது எண்ணெய் இல்லாத ஆனி மாதம்.
சன்னலால் பார்த்தால் குடாவுக்கு அப்பால்
வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள்
தலையில் மரம் முளைத்து நிற்கும்.
இக்கரையில் மண்ணெண்ணெய்க்காக
கான்களைக் கயிற்றில் கோத்து வைத்துக்கொண்டு
ஊர் படுத்திருந்தது.

நான் இரண்டு கோடு கீறினேன்.
கேள்வி இறங்கும், நிரம்பல் ஏறும்,
வெட்டுகிற இடத்தில் விலை.
விற்றவனுக்கும் சம்மதம், வாங்கினவனுக்கும் சம்மதம்,
இடையில் நாங்கள் யார் என்று கேட்டேன்.
பிள்ளைகள் கொப்பியில்
அந்த இடத்தில் ஒரு புள்ளி குத்தினார்கள்.

பிளேன்டீக்குப் பிறகு அறம்.
வரிசையில் பிடித்த இடத்தை விற்கலாமா?
விற்கலாம், இரவு விழித்ததும் உழைப்புத்தானே
என்றாள் நிஃப்லா.
கூடாது என்ற துவாரகன்
ஏன் என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டான்.

கடைசி வாங்கில் டிலக்சன் எழும்பினான்.
திருக்கடலூர்ப் பெடியன், அதிகம் பேசாதவன்.

"நான் வித்திருக்கிறன், மிஸ்.
நாப்பதாம் நம்பர், மூவாயிரம் ரூபா,
உப்புவெளி ஹோட்டல் ஒண்டுக்கு.
எங்கட வள்ளத்துக்கு எஞ்சினே இல்லை,
விக்கத்தான் நிண்டனான்."

வகுப்பு கைதட்டியது.
பாடப்புத்தகம் எழும்பி நின்று பேசுகிறது என்று
நானும் சிரித்தேன்.

"நாப்பத்தொண்டு சஹாப்தீன் நானா, மூதூர்.
ரெண்டு இரவு பக்கத்தில படுத்தனாங்கள்.
நான் நித்திரை கொள்ளேக்க என்ர கானையும் பாத்தவர்.
ஒரு றாத்தல் பாணை ரெண்டாப் பிச்சவர்.
நான் வித்தா அவருக்கு ஒரு சொட்டும் குறையாது, மிஸ்.
நாப்பத்தொண்டு எப்பவும் நாப்பத்தொண்டுதானே?
கணக்குப் பாத்துத்தான் வித்தனான்.

விடிய எழும்பினவர் முன்னுக்கு வேற முகத்தைக் கண்டிருக்கிறார்.
பெடியனுக்கு என்னமும் நடந்திட்டுதோ எண்டு
கடற்கரைப் பக்கம் தேடிப் போயிருக்கிறார்.
திரும்பி வரேக்க எண்ணெய் முடிஞ்சுது."

கரும்பலகையைப் பார்த்தான்.
"அதை இதில எங்க கீறுறது?"

புறவிளைவு என்றேன்.
நல்ல சொல். பரீட்சைக்கு வருகிற சொல்.
எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.
அவன் எழுதவில்லை,
நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று நின்றான்.

சொன்னேன்.
அனுராதபுரச் சந்தி செட்டில்
என் ஸ்கூட்டிக்கு நானும் ஓர் இடம் வாங்கியதை,
விற்றவரின் முகம் பார்க்காமல் காசை நீட்டியதை,
பின்னால் நின்றவரைத் திரும்பியும் பாராததை,
அந்தப் பெற்றோலில் ஓடி வந்துதான்
அறம் படிப்பித்துக்கொண்டு நிற்பதை.

ஒருவரும் கைதட்டவில்லை.
வாசலில் ஒரு மான்
யாரோ எறிந்த சோற்றுப் பொதியின் தாளை
மென்றுகொண்டிருந்தது.

டிலக்சன் மூதூருக்குப் போனானாம், பிறகு சொன்னார்கள்.
காசோடா, வெறுங்கையோடா, நான் கேட்கவில்லை.

தவணை முடிவில் வினாத்தாளில் ஒன்றைச் சேர்த்தேன்:
வரிசையில் நாற்பதாவது ஆள் தன் இடத்தை விற்றான்.
நட்டப்பட்டவர் யார்? அவருடைய பெயரை எழுதுக.

வெளிவாரிப் பரீட்சகர் அதைச் சிவப்பு மையால்
குறுக்கே கீறி அனுப்பியிருந்தார்.
ஓரத்தில், பெயர் அவசியமற்றது.

வீட்டில் அந்தத் தாளை
நெடுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கேள்வியை வெட்டிக்கொண்டு போகிறது ஒரு கோடு.
வழக்கமாக அந்த இடத்தில்
ஒரு புள்ளி குத்தச் சொல்லுவேன்.