எடைக்கு எடை

செவ்வாயும் வெள்ளியும்
பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
நேரே பிளாஸ்மா நிலையத்துக்குப் போகிறேன்.
பள்ளிக்கூடப் பேருந்து, அறுபத்தாறு இருக்கை,
டொலீடோ நகரத்தின் ஆற்றுக்குக் கிழக்கே முழுக்க என் தடம்.
பதினோரு வருஷம் ஓட்டியதில்
இருக்கையின் பஞ்சு என் வடிவத்துக்கு வந்திருந்தது.
இப்போது அந்தக் குழியில்
கொஞ்சம் ஆடுகிறேன்.

ஊசி வேலை செய்கிறது. அதைச் சொல்லியாக வேண்டும்.
பசி என்பது ஓயாமல் பேசும் பயணி.
என் தலைக்குப் பின்னால் நாற்பது வருஷம் பேசிக்கொண்டே வந்தது.
முதல் ஊசி போட்ட நாலாம் நாள்
ஏதோ ஒரு நிறுத்தத்தில்
சொல்லாமல் இறங்கிப் போய்விட்டது.
இடதுபக்கச் சக்கரம் கீச்சிடுவது
அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

காப்பீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் கொடுத்தார்கள்.
பிறகு கடிதம் வந்தது, கெட்டிக் காகிதத்தில்:
நீங்கள் தேறிவருகிறீர்கள், மகிழ்ச்சி,
ஆகவே இனி இல்லை.
மேல்முறையீடு செய்தேன்.
டாக்டர் மூன்று பக்கம் எழுதினார்.
அவர்கள் ஒரு வரி எழுதினார்கள்.
கம்பெனி தருகிற கூப்பன்
காப்பீடு மருந்துக்குப் பணம் கட்டினால்தான் செல்லுமாம்,
குடை வைத்திருப்பவனுக்கு மழைக்கோட்டு.
பேனா ஊசி ஆயிரம் டாலருக்கு மேல்.
குப்பியாக வாங்கி நாமே சிரிஞ்சில் இழுத்துக்கொண்டால்
முந்நூற்று நாற்பத்தொன்பது.
மருந்துக்கடை பிரஸ்காட் இதைச் சொல்லும்போது
மேஜைக்கு மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்,
களவுச் சரக்கு விற்பவர்போல.
எல் பாசோவில் இருக்கும் நாத்தனார் வாண்டா
எல்லை தாண்டிப் போய் வாங்கி வருகிறாளாம்,
பல் கட்டிக்கொண்டதும் அங்கேதானாம்.
எனக்கு விமான டிக்கெட்டே இரண்டு குப்பி.

ஆகவே பிளாஸ்மா.
ரத்தத்தை இழுத்து, சுழற்றி,
சிவப்பைத் திருப்பித் தந்துவிட்டு
வைக்கோல் நிறத்தை வைத்துக்கொள்கிறார்கள்.
மாசம் எட்டுத் தடவை.
ஓர் ஊசி எடுக்கிறது, இன்னோர் ஊசிக்காக.
கணக்கு சரியாகவே வந்தது.
மிச்சத்தில் ஒருமுறை மகளும் நானும் சினிமாவுக்குக்கூடப் போனோம்.

சொல்ல மறந்துவிட்டேனே,
அங்கே ஆளின் எடையைப் பார்த்துத்தான் கூலி.
நூற்று எழுபத்தைந்து பவுண்டும் அதற்கு மேலும் என்றால்
பெரிய பை, ஐம்பது டாலர்.
கீழே போனால்
சின்னப் பை, முப்பத்தைந்து.

ஆயுசு முழுக்கத் தராசைக் கண்டால் ஒதுங்கிப் போனவள்
இப்போது அதன் மேல் ஏறி நின்று
இறங்காதே இறங்காதே என்கிறேன்.
அக்டோபரில் நூற்று எண்பத்தொன்று.
டிசம்பரில் நூற்று எழுபத்தேழு.
மகள் கைதட்டினாள். நானும் தட்டினேன்.
ராத்திரி மின்கட்டண உறையின் பின்பக்கம்
முப்பத்தைந்தை எட்டால் பெருக்கிப் பார்த்தேன்.
அறுபத்தொன்பது டாலர் துண்டு விழுகிறது.

மருந்து பலித்தால்
மருந்து வாங்கப் பணமில்லை.
பலிக்காவிட்டால் இருக்கிறது.
இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.
பணிமனையில் சொன்னேன்.
சிரித்தார்கள்.

இன்றைக்கு வெள்ளி. வெளியே பனி.
கோட்டையும் பூட்ஸையும் கழற்றச் சொல்வார்கள், தெரியும்.
அதனால் கால்சட்டைப் பைகளில்
சாவிக்கொத்து, சக்கர நட்டு ஆறு.
இடுப்புப் பட்டிக்குள் ஒரு குறடு.
வயிற்றில் ஒரு லிட்டர் தண்ணீர்.

எடை பார்க்கும் பெண் டெல்ஃபீன்.
அவள் பையன் என் வண்டியில்தான் வருகிறான்,
நாலாவது இருக்கை,
வாரத்துக்கு ஒரு கையுறையைத் தொலைப்பவன்.
நான் ஏறி நின்றபோது
நட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.
அவள் என் பையைப் பார்த்தாள்.
எண்ணைப் பார்த்தாள்.
நூற்று எழுபத்தைந்து புள்ளி இரண்டு.
"குளிர்காலம் வந்தாலே எல்லாருக்கும் கூடத்தான் செய்யும், ரோவீனா"
என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

சாய்வு நாற்காலியில் கை நீட்டிப் படுத்தபோது
குறடு விலாவில் குத்தியது.
எடுக்கவில்லை.
மஞ்சள் பை மெல்ல நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு
செவ்வாய்க்கிழமைக்கு
வேறு என்ன கொண்டுவரலாம் என்று யோசித்தேன்.
வண்டியில் ஜாக்கி ஒன்று இருக்கிறது.
அது கொஞ்சம் பெரிது.