ஒரு நெல் நீளம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலை
மஞ்சக்குட்டையிலிருந்து ஹில்டா மச்சாடோ வந்தார்.
ஜீப்பின் பின்சீட்டில்
கம்பளி சுற்றிப் படுக்க வைத்த த்ரீ ஒன் ஃபைவ்.
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி
என் மேசையில் கிடத்தினார்.
"ரசீது வேணும். நம்பர் தப்பில்லாம."

ஏற்காடு ஸ்டேஷனில் நான் ரைட்டர்.
எழுதினேன்: ரைஃபிள் ஒன்று. தோல்வார் ஒன்று.
தோட்டா நாற்பத்தேழு.
வாங்கிய அன்று ஐம்பது என்றது லைசென்ஸ் புத்தகம்.
மூன்று?
"ஒண்ணு கடையிலேயே டெஸ்ட்.
ஒண்ணு, காட்டெருமை காப்பிக்குள்ள வந்தப்ப
வானத்தைப் பார்த்து."
மூன்றாவதுக்கு அவர்
ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக்கைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன். பனி இருந்தது.
'உபயோகம்' என்ற கட்டத்தில்
'தோட்டக் காவல்' என்று நானே நிரப்பினேன்.

ஆயுத அறையில் காலி இடம் ஒன்றுதான்,
எங்கள் ஏழாம் நம்பர் த்ரீ நாட் த்ரீக்குப் பக்கத்தில்.
நிறுத்தியதும் சிரிப்பு வந்தது.
ஒரே வங்காளத்துப் பட்டறை,
ஒரே வயிறு.
அதே போல்ட், அதே தோள்கட்டை,
இழுத்துத் தள்ளினால் அதே இரண்டு சொல்.
எங்களுடையதன் மூக்கடியில்
கத்தி மாட்ட ஒரு முளை;
அவருடையதில் அந்த இடம் வழவழவென்று,
மரு எடுத்த முகம்.
எங்களுடையதன் விசைவளையத்தில் சங்கிலி ஓடும்,
எட்டையும் கோத்துப் பூட்டும்.
அவருடையது தனியாள்.

ஏழாம் நம்பரை எத்தனை பேர் தோளில் வைத்தார்களோ,
யார் கன்னமும் அதில் தங்கவில்லை.
எனக்கு வருஷத்துக்கு ஐந்து ரவுண்டு,
அடிவாரத்துச் சுடுதளத்தில்.
ஒருமுறை காலித் தோட்டா ஒன்று குறைந்தது.
சுண்டுவிரல் அளவுப் பித்தளை.
முப்பத்தொரு பேர் முட்டி போட்டு
கோரைப்புல்லைப் பேன் பார்ப்பதுபோலப் பார்த்தோம்,
இருட்டும் வரை, பிறகு டார்ச் அடித்து.
அர்ஷத் ஏட்டு கண்டெடுத்தபோது
கைதட்டினோம், குற்றவாளியைப் பிடித்த மாதிரி.
மச்சாடோவின் மூன்றாவதை
யாரும் முட்டி போட்டுத் தேடியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கன்னம்.
தோள்கட்டையின் இடப்பக்கம்
உள்ளங்கை அகலத்துக்கு மெருகேறிக் கிடந்தது.
மூன்று குண்டுக்கா இவ்வளவு கன்னம்?
எத்தனை ராத்திரி குறி பார்த்திருப்பார்,
எதை,
சுடாமல்?

வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு
பூத் டியூட்டிக்கு எல்லாரும் போய்விட்டார்கள்,
சங்கிலியோடு இருந்த ஏழும் போயின.
மெழுகுவத்தி, நான், மிச்சம் நின்ற இரண்டு.
பதிவேட்டில் எழுத முடியாத ஒன்றைச் செய்தேன்.
எங்கள் தோட்டா ஒன்றை
அவர் துப்பாக்கிக்குள் வைத்துத் தள்ளினேன்.
போகவில்லை.
ஒரு நெல் நீளம் வெளியே நின்றது.

அந்த நெல்லைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.
சிப்பாயின் பையிலிருந்து ஒரு கைப்பிடி
என்றாவது சுவர் தாண்டிப் போகும் என்று
நான் பிறக்கும் முன்பே
என்னைச் சந்தேகப்பட்ட யாரோ ஒரு துரை,
பென்சிலை நக்கிக்கொண்டு.
அவன் போய்விட்டான்.
நெல் இருக்கிறது, முளைக்காமல், மக்காமல்.

தோட்டாவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
பிறகு, சும்மா,
அந்த மெருகில் என் கன்னத்தை வைத்தேன்.
ஈரக் கம்பளி, மிளகு, முகப்பவுடர்.
குறிமுனைக்கு அந்தப் பக்கம்
சேலத்து ஜவுளிக்கடைக் காலண்டர்,
நாளைய தேதியில் சிவப்பு வட்டம்.
கையை எடுத்துவிட்டேன்.

முடிவு வந்து ஒரு வாரம் கழித்து வந்தார்.
நாற்பத்தேழையும் ஒவ்வொன்றாய் எண்ணினார்.
கம்பளியை விரித்தவர் நின்றார்.
தோள்கட்டையின் இடப்பக்கத்தை
ஸ்வெட்டர் கையால் துடைத்தார்,
இரண்டு தரம்.
என்னைப் பார்க்கவில்லை.
'ஒப்படைத்தபடியே பெற்றுக்கொண்டேன்'
என்ற வரிக்குக் கீழே
அழுத்திக் கையெழுத்துப் போட்டார்,
அடுத்த பக்கத்திலும் தெரிகிற மாதிரி.