எல்லை விபரம்

வீடு காட்டுவதென்றால் நான் கார்த்திகையில்தான் காட்டுவேன்,
மழை விட்ட மூன்றாம் நாள்.
மணற்காட்டு மணல் அப்போது காலைச் சுடாது.
சவுக்கு ஊசி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நிற்கும்.
கிணற்றுக்குள் கையை விட்டாலே தண்ணீர்.
"பாருங்கோ, காத்தும் வருது, கடலும் கேக்குது" என்பேன்.
ஆவணியில் யாரும் பார்க்கக் கேட்டால்
எனக்குக் காய்ச்சல்.

லூர்துநாயகம் பாரிசிலிருந்து அனுப்புகிற குரல்பதிவெல்லாம்
ஒரே செய்திதான்:
"தரகர், நெருப்புக் கதையை நீங்களா எடுக்காதையுங்கோ.
எரியிறது அரசாங்கக் காடு, என்ரை காணியில்லை."
அறுபத்தைந்து லட்சம்.
நூற்றுக்கு இரண்டு எனக்கு.
மோட்டார் சைக்கிள் லீசிங் நாலு மாத நிலுவை.

உறுதியிலும் அப்படித்தான் கிடந்தது.
வடக்கு ஒழுங்கை.
கிழக்கு யேசுராசா பெண் திரேசம்மா பேருக்குரிய காணி.
தெற்கு வெறுந்தரை.
மேற்கு அரச வனம்.
நான்கு பரப்பு, கல்வீடு, கிணறு, தென்னை பதினேழு.
சோளகம் பிடித்தபின் மேற்கு எல்லை
எழும்பி நடந்து வருமென்று
எந்த நொத்தாரிசும் எழுதுவதில்லை.

புஸ்பகாந்தி ரீச்சர் தனியாகத்தான் வந்தா.
ஒட்டுசுட்டானில் இருபது வருடம் படிப்பித்தவ.
குளியலறை மாபிளைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருக்க
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலியடிக்குப் போனா.
கன நேரம் நின்றா.

"தரகர், இந்த மரமெல்லாம் ஏன் ஒரே உயரம்?"

வன இலாகா ஒரே நாளில் நட்டது, என்றேன்.

"அது சரி. முதல் நின்ற மரங்கள் எங்கை?"

கொண்டுபோன பதில்களில்
ஒன்றும் அளவாக இல்லை.

காலால் மணலைக் கிளறினா.
நாலு விரல் ஆழத்தில் கறுப்பு.
அதன் கீழே வெள்ளை.
இன்னும் கீழே மறுபடி கறுப்பு.
"ரெண்டு தரம்," என்றா.

"மூண்டு," என்றேன்.
ஏன் சொன்னேனென்று இன்றைக்கும் தெரியாது.
சொல்லத் தொடங்கினால் நிற்குதா?
போனமுறை கிணற்றடி மட்டும் வந்தது.
உறுதியில் பதினேழு தென்னை, எண்ணிப் பாருங்கோ, பதினொன்று.
யாழ்ப்பாணத்திலிருந்து தண்ணீர் வண்டி வந்து சேர
சாம்பலே ஆறிவிட்டது.
இந்த ஒழுங்கைப் பொடியள்தான்
பச்சைக் குழை முறித்து அடித்து நிற்பாட்டினவங்கள்.

போய்விடுவா என்று நினைத்தேன்.
ஹெல்மெட்டைக் கையில் எடுத்தும் விட்டேன்.

"நாப்பத்தாறு எண்டு கேட்டுப் பாருங்கோ.
கிடுகு வேலியைப் பிடுங்கவேணும், தகரம் அடிக்கலாம்.
மேற்குப் பக்கம் பத்து யார் வெறும் மணல்,
ஒரு சருகு கிடக்கப்படாது."
செருப்பைத் தட்டிப் போட்டா.
"எரியாத இடத்திலை வாங்க
என்னட்டைக் காசு காணாது, தரகர்."

லூர்துநாயகம் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் என்னைப் பேசினார்.
நாற்பத்தெட்டில் முடிந்தது.

பருத்தித்துறையில், நொத்தாரிசின் மேசையில்,
தரகுக் காசை எண்ணித் தந்தபிறகு
ரீச்சர் என் நம்பரைக் கேட்டா.
உங்களிட்டை இருக்குதே, என்றேன்.
"அது விக்கிற நம்பர்.
ஆவணியிலை எடுக்கிற நம்பரைத் தாங்கோ."

ஆவணி பிறந்து ஒன்பது நாள்.
நெல்லியடிச் சந்தித் தேத்தண்ணிக் கடையில்
கிழக்குப் பார்த்த வாங்கில் இருக்கிறேன்.
வானம் வானமாகத்தான் இருக்கிறது.
போன் மேசையில், முகம் மேலே.
மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில்
வேப்பங்குழை ஒரு கட்டு.
பின்னேரத்துக்குள் வாடிவிடுகிறது.
விடிய விடிய
புதிதாய் முறித்துக் கட்டுகிறேன்.