மூன்று புள்ளி

இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் ஐந்து.
முப்பத்தாறு பிறக்கும் காலையில் இரண்டு.
ஐம்பத்தைந்துக்குப் பிறகு ஒன்றுமில்லை.
கேக் கிடையாது, மெழுகுவத்தி கிடையாது,
ஆனால் அன்றைக்கு ஒருவன்
நேற்றைவிடக் கொஞ்சம் ஆபத்து குறைந்தவன்.

பதினோரு வருடமாக இந்தப் படிவத்தை நிரப்புகிறேன்.
இரண்டு பக்கம், ஒன்பது கட்டம்.
குற்றத்தின் கடுமை. மிச்சமிருக்கும் ஆண்டுகள்.
தப்பியோடிய வரலாறு:
பதினேழு வயதில் சிறார் பண்ணை வேலியைத் தாண்டிப்போய்
பக்கத்துச் சோளக்காட்டில் தூங்கிவிட்டவனுக்கும்
அது ஓட்டம்தான். நான்கு.
கூட்டி வருவது சட்டையின் நிறம்.
பன்னிரண்டிலிருந்து ஆரஞ்சு. இருபதைத் தாண்டினால் சிவப்பு.
பன்னிரண்டுக்குக் கீழே சாம்பல்,
வேலியே இல்லாத முகாம்,
நெடுஞ்சாலை ஓரம் குப்பை பொறுக்கும் வேலை,
எல்லோரும் ஆசைப்படும் நிறம்.

சோளக்காட்டில் தூங்கிய ஓரன் பிகெட் மட்டும் ஆசைப்படவில்லை.

அவனுக்கு மறுமதிப்பீடு அக்டோபரில்.
நெப்ராஸ்கா சாலைகளில் பீட்கிழங்கு லாரிகள்
மண் உதிர்த்துக்கொண்டு போகும் மாதம்.
செப்டம்பர் கடைசி வாரம் ஏதாவது செய்துவிடுவான்.
ஒரு வருடம் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இரண்டு ஆப்பிள்.
ஒரு வருடம் தலை எண்ணும்போது எழுந்திருக்க மறுத்தான்;
மறுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டான் என்று
காவலர் ஹஸ்கெல் அறிக்கையில் எழுதியிருக்கிறார்.
ஒரு வருடம் சூப் கரண்டி.
தலையணை மேலேயே வைத்திருந்தான்,
யாராவது பார்த்துத் தொலையுங்கள் என்பதுபோல.

அண்மைய ஒழுங்குமீறல்: மூன்று புள்ளி.
மூன்று போதும். ஆரஞ்சில் இன்னொரு வருடம்.

நடத்தை என்றொரு கட்டம்.
எனக்கு முன்னிருந்தவர் "கணிக்க முடியாதவர்" என்று எழுதியிருந்ததை
நானும் பார்த்து எழுதிவந்தேன்.
இந்தக் கட்டடத்தில்
கணிக்க முடிந்த ஒரே விஷயம் அவன் செப்டம்பர்தான்.
கொதிகலனைக்கூட அப்படி நம்ப முடியாது.

நான்காம் வருடம்தான் பார்வையாளர் பேரேட்டைப் புரட்டினேன்.
இரண்டாம் ஞாயிறு. இரண்டாம் ஞாயிறு. இரண்டாம் ஞாயிறு.
லேலண்ட் பிகெட், உறவு: அண்ணன்.
வாகனம்: பிக்கப், ஒரு கதவு மட்டும் பச்சை.
வீடு இங்கிருந்து நாற்பது நிமிடம்.
வேலியில்லாத முகாம் மாநிலத்தின் மறுகோடியில், ஏழு மணி நேரம்.
லேலண்டுக்கு இருட்டினால் கண் தெரியாது.

இதற்குக் கட்டம் இல்லை.
அடியில் "சிறப்புக் காரணம்" என்று ஒரு கோடு உண்டு.
குடும்பம் அருகில் இருக்கிறது என்று அதில் எழுதி அனுப்பினேன்.
முகாமில் காலிப் படுக்கைகளைக் கருத்தில் கொள்ளவும்
என்று பதில் வந்தது.
பிறகு எதுவும் எழுதவில்லை.
அவன் திருடினான், நான் கூட்டினேன்.
ஒரே ஒருமுறை, கையெழுத்துப் போடும்போது,
"இந்த வருடமும் அதேதானா மிஸஸ் ஹக்கின்ஸ்?" என்றான்.
அதேதான் என்றேன்.
பரீட்சையில் தேறிய பையன்போல நடந்து போனான்.

இந்த அக்டோபர்
கோப்பைத் திறந்தால், ஒழுங்குமீறல்: இல்லை.
வேறு கோப்பில் செருகிவிட்டார்களோ என்று
ஹஸ்கெலைக் கூப்பிட்டேன்.
சத்தமாகப் பேசினான் என்றாவது, படுக்கையை மடிக்கவில்லை என்றாவது?
"தங்கமான ஆளாகிவிட்டான்," என்றார்.

பேரேடு.
ஏப்ரல், இரண்டாம் ஞாயிறு.
மே, இரண்டாம் ஞாயிறு.
ஜூன் பக்கத்தில் வேறு யார்யாருடைய அண்ணன்களோ.

கூட்டினேன். ஒன்பது.
கீழிருந்து மேலாகவும் கூட்டினேன்.
எதிரே அவன் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"சாம்பல்," என்றேன்.
வாழ்த்துகள் என்று சொல்வது வழக்கம். சொன்னேன்.
"அங்கே வேலி கிடையாதாமே."
"கிடையாது."
தலையாட்டினான்.

என் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டான்,
மூடியைத் தேடிப் போட்டு
மேசைமேல் என் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

பைக்குள் போட்டுக்கொண்டிருக்கலாம்.
நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்று புள்ளி அது.