வாசனை இல்லாத தண்ணீர்

திங்கள் காலை. தண்டையார்பேட்டை.
மாடிப்படியில் உட்கார்ந்து
சாக்ஸிலிருந்து ஒட்டுப்புல் பிடுங்குகிறேன்.
ஒன்றும் லேசில் வருவதாயில்லை.
ஷூவைத் தட்டினால்
செம்மண் ஒரு பிடி.

நேற்று விடியுமுன் நாலு பேர், ரெண்டு வண்டி.
கொடுங்கையூர் தாண்டும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டோம்.
அதுவரை எனக்குத் தெரிந்த மலை அந்தக் குப்பைமேடுதான்.
அதற்கும் உச்சி உண்டு,
அதன்மேலும் பருந்து சுற்றும்,
புகையை மேகமென்று சொல்லித்தான்
என் பிள்ளைக்குச் சோறூட்டினேன்.

செங்குன்றம், ஊத்துக்கோட்டை.
நாகலாபுரம் அடிவாரத்தில்
தெலுங்கில் ஒரு குறுஞ்செய்தி வந்தது.
அத்தோடு சிக்னல் செத்தது.

பாறைமேல் யாரோ சுண்ணாம்பில் போட்ட அம்புக்குறி.
பிறகு அதுவும் இல்லை.
வேரைப் பிடித்து ஏறினோம்,
பேருந்துக் கம்பியைப் பிடித்த கை
வேரையும் அப்படியே பிடித்தது.
பேச்சு ஒவ்வொருவராக நின்றது.
நின்றபின்தான் கேட்டது,
இடப்பக்கம், கீழே எங்கோ,
யாரோ குழாயை மூடாமல் போய்விட்டதுபோல.

ஓடிப்போய் மூடத்தான் முதலில் தோன்றியது.

மரங்களுக்குள் ஒரு குளம்.
அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம்.
பெனடிக்டா இரு கையிலும் அள்ளினாள்,
குடிக்கவில்லை.
எங்கள் தெருப் பழக்கம், முதலில் முகர்ந்தாள்.
மறுபடி முகர்ந்தாள்.
"வாசனையே இல்லக்கா,
அதான் பயமா இருக்கு."

முதுகில் வீட்டிலிருந்து சுமந்து வந்த
கேன் தண்ணீர் நாலு லிட்டர்.
அதைத்தான் குடித்தோம்,
அருவிக்கு முன் உட்கார்ந்து,
ஆளுக்கு ரெண்டு மூடி அளந்து.

இறங்கும்போது அவள் மட்டும் திரும்பிப்போனாள்.
நேரமாச்சு என்று கத்தினோம்.
வந்தபோது தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.
வழி நெடுக அவளும் சொல்லவில்லை.

கீழே லாரி ஹாரன்.
ஒற்றைச் செருப்போடு ஓடுகிறேன்,
குதிகால் கொப்புளம் படிக்குப் படி சுடுகிறது.
வரிசையில் என் பச்சைக் குடம்
சனிக்கிழமை இரவு வைத்த இடத்தில் இல்லை,
மூன்று குடம் முன்னால் நிற்கிறது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?
நேத்து ரெண்டு வாட்டி லாரி வந்து பாதியில போயிட்டான்.
நான்தான் உன்னுத காலால தள்ளித் தள்ளி விட்டேன்"
என்கிறாள் ஜுலேகா.

நான் மலையேறிய நேரம்
இதுவும் நடந்திருக்கிறது.

குழாயில் முதல் தண்ணீர் சீறி விழுகிறது.
குனிந்து முகர்கிறேன்.
குளோரின்.
இன்றைக்குப் பரவாயில்லை.